சாவியில் தாமிரம் ஏன் ஒட்டுவதில்லை

பள்ளி அறிவியல் கண்காட்சியில் ஏதாவது ஒரு மேசையில் நீலக் கரைசலும் பேட்டரியும் அதில் தொங்கும் இரும்புச் சாவியும் இருக்கும். சாவி ஐந்து நிமிடத்தில் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். வெளியே எடுத்துத் துணியால் துடைத்தால் அந்தச் சிவப்பெல்லாம் துணிக்கு வந்துவிடும், சாவி பழையபடி நிற்கும். பேட்டரி போதவில்லை என்று இரண்டாவது பேட்டரியைச் சேர்ப்பார்கள். இப்போது சிவப்புக்குப் பதில் கருஞ்சிவப்புத் தூள் படியும். அதுவும் உதிரும்.

பேட்டரி மேல் குற்றமில்லை. அதே சாவியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பேட்டரியே இல்லாமல் கரைசலில் முக்கிப் பாருங்கள். பத்து நொடியில் அப்போதும் சிவக்கும். மின்னோட்டம் வருமுன்பே வேறொரு வினை முந்திக்கொள்கிறது. அது என்ன என்று புரிந்தால் வினைத்திறன் வரிசை (எந்த உலோகம் எதைவிட எளிதில் வினைபுரியும் என்ற பட்டியல்), ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினை, மின்னாற்பகுப்பு என்று மூன்று இடத்தில் பிரித்துப் படிப்பவை ஒரே பாடமாகத் தெரியும். மூன்றுக்கும் தேவையான சரக்கு ஒன்றுதான்: காப்பர் சல்பேட்.

நாட்டு மருந்துக் கடையில் துருசு, மயில்துத்தம் என்று கேட்டால் தருவது இதைத்தான். பயிரின் பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவைக்காக உரக்கடையிலும் விற்கிறார்கள். விவசாயத்துக்கு விற்பதில் இரும்புக் கலப்படம் இருந்தால் கரைசல் கொஞ்சம் பச்சை தட்டும். ஆணிச் சோதனைக்கு அது போதும், எடை பார்க்கும் சோதனைக்கு ஆகாது. 100 மி.லி. கரைசலுக்கு 12.5 கிராம் படிகம் எடுங்கள். 80 மி.லி. நீரில் முழுக்கக் கரைத்த பிறகு 100 வரை நிரப்பினால் 0.5 மோலார் கரைசல். படிகத்துக்குள் ஐந்து நீர் மூலக்கூறுகள் இருப்பதால் மோலார் நிறை 249.7. நீரற்ற உப்பின் 159.6 கணக்கைப் போட்டு எட்டு கிராம் மட்டும் எடுப்பது அடிக்கடி நடக்கும் பிழை.

தண்ணீர் முக்கியம். போர்வெல் தண்ணீரில் கரைத்தால் வெளிர் நீலப் பாலாகக் கலங்கி, அடியில் வண்டல் தங்கும். கடின நீரில் இருக்கும் பைகார்பனேட் தாமிரத்தைக் காரக் கார்பனேட்டாகப் பிடித்து வீழ்படிவாக்கிவிடுகிறது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் மெக்கானிக் கடையில் கிடைக்கும், அதை வாங்கிக்கொள்ளலாம். அதிலும் லேசாகக் கலங்கினால் நீர்த்த கந்தக அமிலம் சில சொட்டு விட்டால் தெளிந்துவிடும். இந்தப் பொருள் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. சமையலறைப் பாத்திரத்தில் கரைக்க வேண்டாம்.

இனி ஆணி. சோதனைக் குழாயில் 10 மி.லி. கரைசல், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த இரும்பு ஆணி, 20 நிமிடம். ஆணி செம்பு நிறமாகும், நீலம் மங்கிப் பச்சை சேரும். கரைசலின் அளவு கூடினால் நிற மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. 100 மி.லி. பீக்கரில் ஒரே ஒரு ஆணியைப் போட்டுவிட்டு நீலம் போகவில்லை என்று சொல்வதில் பொருளில்லை. போடாத கரைசல் ஒரு குழாய் பக்கத்தில் இருக்கட்டும், பின்னால் வெள்ளைத் தாள் வையுங்கள்.

ஆணியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். ஜி.ஐ. ஆணியாக இருந்தால் மேலே துத்தநாகப் பூச்சு இருக்கும். அதைக் கரைசலில் போட்டால் சிவப்பு வராது, கறுப்பாகப் பஞ்சு போல ஒன்று கிளம்பும். அதுவும் தாமிரம்தான். துத்தநாகத்தின் வினை வேகமாக நடப்பதால் தாமிரம் மிக நுண்ணிய துகளாக வெளிவருகிறது, துகள் அவ்வளவு பொடியாகும்போது பளபளப்பு போய்க் கறுத்துத் தெரிகிறது. சோதனை தவறில்லை, சோதித்த உலோகம்தான் வேறு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணி என்றால் அசையவே அசையாது. அதில் கலந்த குரோமியத்தின் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாத போர்வையாக மேலே கிடக்கிறது.

போர்வை என்றதும் அலுமினியத்துக்கு வர வேண்டும். வரிசையில் அலுமினியம் இரும்புக்கும் துத்தநாகத்துக்கும் மேலே இருக்கிறது, அப்படியானால் துள்ளிக் குதித்து வினைபுரிய வேண்டும். ஆனால் சாப்பாடு சுற்றும் ஃபாயிலைக் கிழித்துக் காப்பர் சல்பேட்டில் போட்டால் வெகுநேரம் சும்மா கிடக்கும். இப்போது ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போடுங்கள். முதலில் கரைசல் நீலத்திலிருந்து பச்சைக்குத் திரும்பும். ஒன்றிரண்டு நிமிடத்தில் ஃபாயிலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும், பிறகு ஃபாயில் கிழிந்து கிழிந்து செம்புக் கூழாக மாறும். குழாயைத் தொட்டால் சுடும், குமிழிகள் வரும். அந்தக் குமிழி ஹைட்ரஜன், பக்கத்தில் தீக்குச்சி கூடாது. உப்பிலுள்ள குளோரைடு அயனிதான் ஆக்சைடுப் போர்வையைக் கிழித்துவிட்டது. வரிசையில் உலோகம் எங்கே நிற்கிறது என்பது வேறு, அது எவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்பது வேறு. வரிசையை மனப்பாடம் செய்ய வாய்ப்பாடு தேடுவதைவிட இந்தச் சிட்டிகை உப்பு அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

ஆணியில் உண்மையில் என்ன நடக்கிறது? இரும்பு அணு இரண்டு எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு இரும்பு அயனியாகிக் கரைசலுக்குள் இறங்குகிறது. தாமிர அயனி அந்த இரண்டையும் வாங்கிக்கொண்டு தாமிர அணுவாகி ஆணியில் உட்காருகிறது. கொடுப்பது ஆக்சிஜனேற்றம், வாங்குவது ஒடுக்கம். இந்த வினையில் ஆக்சிஜன் எங்கேயும் கைமாறவில்லை. பெயரில் ஆக்சிஜன் இருப்பதால் அதைத் தேடி மாணவர்கள் குழம்புகிறார்கள். இலங்கைப் பாடநூல்களில் ஒடுக்கத்தைத் தாழ்த்தல் என்கிறார்கள். ஆக்சிஜனேற்ற எண் தாழ்வதைச் சொல்லும் அந்தச் சொல் எனக்கு இன்னும் பிடிக்கும். தாமிரம் +2இலிருந்து 0க்குத் தாழ்ந்தது, இரும்பு 0இலிருந்து +2க்கு ஏறியது. சல்பேட் வெறும் பார்வையாளர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரும்பு கரையும் இடமும் தாமிரம் படியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆணியின் ஒரு புள்ளியில் இரும்பு கரைகிறது, அங்கே விட்ட எலக்ட்ரான் ஆணியின் உடம்பு வழியாகவே ஓடி இன்னொரு புள்ளியில் தாமிரத்தைப் படியவைக்கிறது. அதாவது ஆணி என்பது ஷார்ட் ஆகிக் கிடக்கும் ஒரு மின்கலம். அந்த எலக்ட்ரானை ஆணிக்குள் ஓடவிடாமல் வெளியே ஒரு கம்பி வழியாகச் சுற்றிவிட்டால் விளக்கெரிக்கலாம். 1836இல் ஜான் ஃபிரெடெரிக் டேனியல் செய்தது இதுதான், இரும்புக்குப் பதில் துத்தநாகம். வகுப்பில் அதைச் செய்வது இப்படி: துத்தநாகத் தகடு துத்தநாக சல்பேட்டில், தாமிரத் தகடு காப்பர் சல்பேட்டில், நடுவே பொட்டாசியம் நைட்ரேட்டில் நனைத்த வடிதாள் பாலம். மல்டிமீட்டர் 1.1 வோல்ட் காட்டும். வினைத்திறன் வரிசையில் இரண்டு உலோகத்துக்கும் உள்ள இடைவெளியைத்தான் அது வோல்ட்டில் காட்டுகிறது: துத்தநாகம் –0.76, தாமிரம் +0.34. இரும்பு –0.44இல் நிற்கிறது, ஆகவே சாவிக்கும் தாமிரத்துக்கும் இடையே 0.78 வோல்ட். நம் சாவியைச் சிவக்கவைத்த கை இந்த 0.78 வோல்ட்டின் கைதான்.

மின்னாற்பகுப்பு என்றால் எலக்ட்ரானை வெளியிலிருந்து தள்ளுவது. தானாக நடக்காததைப் பேட்டரி நடத்திவைக்கிறது. இங்கேதான் ஆனோடு, கேத்தோடு குழப்பம் வரும். டேனியல் கலத்தில் ஆனோடு எதிர்மின் முனை, மின்னாற்பகுப்பில் ஆனோடு நேர்மின் முனை. குறியை மனப்பாடம் செய்தால் ஒரு தேர்வில் சரியாகும், அடுத்ததில் தவறும். மைக்கேல் ஃபாரடே 1834இல் இந்தப் பெயர்களை வழக்குக்குக் கொண்டுவந்தபோது அவற்றில் கூட்டல் கழித்தலே இல்லை, கிரேக்கத்தில் ஏறும் வழி, இறங்கும் வழி என்பதுதான் பொருள். ஆக்சிஜனேற்றம் நடக்கும் இடம் ஆனோடு, ஒடுக்கம் நடக்கும் இடம் கேத்தோடு. எந்தக் கலமாக இருந்தாலும் இது மாறாது.

கார்பன் தண்டுகளோடு முதலில் செய்து பாருங்கள். தீர்ந்துபோன சாதாரணத் துத்தநாக கார்பன் பேட்டரியின் நடுவில் ஒரு கார்பன் தண்டு இருக்கும். அல்கலைன் பேட்டரியில் அது கிடையாது, லித்தியம் பேட்டரியை எக்காரணம் கொண்டும் உடைக்கக் கூடாது. உடைக்க மனமில்லை என்றால் 4பி, 6பி பென்சிலை இரு முனையும் சீவிக்கொள்ளலாம். ஒரே 1.5 வோல்ட் செல்லை இணைத்தால் அநேகமாக ஒன்றும் நடக்காதது போலிருக்கும். ஆனோடில் நீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளியேற்ற வேண்டியிருக்கிறது, கணக்குப்படி ஒரு வோல்ட்டுக்குள் முடிய வேண்டிய வேலைக்குக் கார்பன் பரப்பில் கூடுதல் அழுத்தம் வேண்டும். இரண்டு அல்லது மூன்று செல்லைத் தொடரில் போடுங்கள். கேத்தோடில் இளஞ்சிவப்புத் தாமிரம் படியும், ஆனோடில் சிறு சிறு குமிழி வரும். அங்கே சல்பேட் வினைபுரிகிறது என்று எழுதும் விடைத்தாள்களுக்குப் பஞ்சமில்லை. சல்பேட்டிலுள்ள கந்தகம் ஏற்கெனவே +6இல் நிற்கிறது, அதற்கு மேல் ஏற இடமில்லை. எலக்ட்ரானை விடுவது நீர். நீர் ஆக்சிஜனாகப் போகும்போது ஹைட்ரஜன் அயனிகளைக் கரைசலில் விட்டுச்செல்வதால் கரைசல் வரவர அமிலமாகிறது. ஆனோடுக்கு அடியில் கரித்தூள் கொட்டிக் கிடக்கும். அது காப்பர் ஆக்சைடு அல்ல, ஆக்சிஜன் அரித்த கார்பன்.

நீலம் மங்கும் என்று புத்தகம் சொல்கிறது. ஒரு பீரியடில் மங்குமா? 100 மி.லி. அரை மோலார் கரைசலில் 0.05 மோல் தாமிரம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு எலக்ட்ரான் என்றால் 0.1 மோல் எலக்ட்ரான், ஃபாரடே மாறிலி 96,500ஆல் பெருக்கினால் 9,650 கூலும். 0.2 ஆம்பியர் ஓடினால் 48,250 நொடி, அதாவது பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேல். நாற்பது நிமிடத்தில் இருபதில் ஒரு பங்கு தாமிரம்தான் வெளியேறியிருக்கும், கண் அதைப் பிடிக்காது. வகுப்பில் மங்கிக் காட்ட வேண்டுமென்றால் கரைசலை நீர்த்துக்கொள்ளுங்கள்: அரை மோலார் கரைசல் 2 மி.லி. எடுத்து 50 மி.லி. ஆக்கினால் 0.02 மோலார். அவ்வளவு நீர்த்த கரைசலில் மின்னோட்டம் சரியாகப் போகாது என்பதால் நிரப்பும் நீரில் நீர்த்த கந்தக அமிலம் 5 மி.லி. சேரட்டும். இதற்கு 0.1 ஆம்பியரில் 193 கூலும், கணக்குப்படி அரை மணி நேரம். தாமிரம் குறையக் குறைய ஹைட்ரஜன் அயனியும் பங்கு கேட்கும், அதனால் நிஜத்தில் கூடுதல் நேரம் ஆகும். ஒப்பிட ஒரு பீக்கர் தனியாக இருந்தால் வகுப்பு முடிவதற்குள் வித்தியாசம் தெரிந்துவிடும்.

கார்பனை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் தாமிரத் தகடு வைத்தால் கதை மாறுகிறது. ஆனோடில் குமிழி வராது. நீரைப் பிளப்பதைவிடத் தாமிரத்தையே கரைப்பது சுலபம், ஆகவே ஆனோடு கரைகிறது. அங்கே எவ்வளவு கரைகிறதோ அவ்வளவு இங்கே படிகிறது, நீலம் மாறுவதில்லை. ஒரு பக்கம் கரைத்து மறுபக்கம் அதையே படியவைப்பதால் அழுத்தமும் பெரிதாக வேண்டாம். பத்து சதுர செ.மீ. அளவுத் தகடுகளை 4 செ.மீ. இடைவெளியில் வைத்தால் ஒற்றை 1.5 வோல்ட் செல்லே ஏறக்குறைய 0.1 ஆம்பியர் ஓட்டும். தாமிரத்தைச் சுத்திகரிக்கும் ஆலைகளிலும் இதே ஏற்பாடுதான். தாமிரத்தைவிட வரிசையில் கீழே இருக்கும் வெள்ளியும் தங்கமும் கரையாமல் ஆனோடுச் சேறாக அடியில் தங்கும், மேலே இருக்கும் இரும்பு, துத்தநாகம், நிக்கல் கரைந்து கரைசலிலேயே நின்றுவிடும்.

எடை பார்த்து ஃபாரடே விதியைச் சரிபார்ப்பவர்கள் தராசின் நுட்பத்தை முதலில் பார்க்க வேண்டும். 0.2 ஆம்பியரில் அரை மணி என்றால் 360 கூலும், படிவது 0.118 கிராம். 0.01 கிராம் வரை காட்டும் தராசில் கடைசி இலக்கம் ஒன்று தவறினாலே பத்து சதவீதத்துக்குப் பக்கத்தில் பிழை. ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், 0.237 கிராம் வரும். எடுத்த கேத்தோடைத் துணியால் துடைக்கவே கூடாது. டிஸ்டில்டு வாட்டரில் மெல்ல அலசி, பிறகு ஸ்பிரிட்டில் முக்கிக் காற்றில் உலரவிட வேண்டும். அவசரத்துக்கு விளக்கில் காட்டினால் தாமிரம் கறுத்து ஆக்சைடாகி எடை கூடிவிடும். ஆனோடு இழந்த எடை கேத்தோடு பெற்ற எடையைவிட அதிகமாக வந்தால் பதற வேண்டாம், ஆனோடிலிருந்து தாமிரத் துணுக்குகள் அப்படியே உதிர்வதுண்டு. கேத்தோடு எடையை நம்புங்கள்.

கம்பி விஷயத்தில் ஒன்று. மோட்டார் வைண்டிங் கம்பியைத் தாமிரம் என்று எடுத்துவந்து மின்னோட்டமே இல்லை என்பார்கள். அதன் மேல் எனாமல் பூச்சு இருக்கிறது, சுரண்டினால்தான் மின்சாரம் பாயும். முதலைக் கிளிப் கரைசலில் முழுகக் கூடாது. ஆனோடு பக்கக் கிளிப் முழுகினால் கிளிப்பின் இரும்பும் கரையும், கேத்தோடு பக்கம் முழுகினால் கிளிப்பிலும் தாமிரம் படியும், இரண்டிலும் கணக்கு கெட்டுவிடும்.

இப்போது சாவிக்குத் திரும்பலாம். இரும்புச் சாவியைக் காப்பர் சல்பேட்டில் விட்ட நொடியே 0.78 வோல்ட் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. சாவியின் மேல்தோல் கரைந்துகொண்டே இருக்க, அதன் மேலேயே தாமிரம் பஞ்சு போல உட்காருகிறது. கரையும் தரையில் எழுப்பிய சுவர் நிற்குமா? பிறகு பேட்டரி எவ்வளவு தாமிரத்தைக் கொண்டுவந்தாலும் அந்தப் பஞ்சின் மேல்தான் அடுக்கும், அடித்தளத்தோடு சேர்ந்து உதிரும். கம்பியை முதலில் இணைத்துவிட்டுப் பிறகு சாவியை முக்கினால் கொஞ்சம் தேவலை, ஆனால் முழுத் தீர்வு இல்லை. முலாம் பட்டறைகளில் இரும்புக்கு நேரடியாகக் காப்பர் சல்பேட் தொட்டியைக் காட்டுவதில்லை. முதலில் மெல்லிய நிக்கல் பூச்சு கொடுப்பார்கள், அல்லது சயனைடு தொட்டியில் முதல் தாமிரப் பூச்சைப் போடுவார்கள். சயனைடு தாமிர அயனியை இறுகப் பிடித்துக்கொள்வதால் இரும்பால் அதை எளிதில் பறிக்க முடியாது, மின்னோட்டம் கொடுக்கும்போது மட்டுமே தாமிரம் இறங்கும். சயனைடு உயிரைப் பறிக்கும் நஞ்சு, பள்ளி வாசலுக்குக்கூட வரக் கூடாது.

பள்ளிக்கு வழி எளிது: இரும்பை விட்டுவிட்டுப் பித்தளைச் சாவியை எடுங்கள். பித்தளையில் பெரும்பகுதி தாமிரமே, துத்தநாகம் அதோடு கலந்து கட்டுண்டு கிடப்பதால் இடப்பெயர்ச்சி, அதாவது உலோகம் கரைந்து அதன் இடத்தில் தாமிரம் படிவது, தொல்லை கொடுக்காது. வெள்ளையாக இருக்கும் சாவி பல நேரம் நிக்கல் பூசிய பித்தளை. அதை உப்புத்தாளால் தேய்த்து மஞ்சள் தெரியும்வரை கொண்டுவர வேண்டும். பிறகு குத்துவிளக்கு துலக்குவது போலப் புளி போட்டுத் தேய்த்தால் புளியின் அமிலம் ஆக்சைடைக் கரைத்துவிடும். அடுத்தது பாத்திரம் கழுவும் சோப்பு, எண்ணெய்ப் பிசுக்கு போக. போய்விட்டதா என்று பார்க்கத் தண்ணீரில் முக்கி எடுங்கள். தண்ணீர் ஒரே படலமாக நின்றால் சுத்தம், முத்து முத்தாக உருண்டால் பிசுக்கு இன்னும் இருக்கிறது. அதன் பிறகு கையால் தொடாதீர்கள், விரல் ரேகை பட்ட இடத்தில் பூச்சு பிடிக்காது.

சாவி எதிர்மின் முனையில், தாமிரத் தகடு நேர்மின் முனையில். மாற்றிக் கொடுத்தால் சாவி கரையும். அளவு ஒரு சதுர செ.மீ.க்குப் 10 முதல் 20 மில்லி ஆம்பியர், அதற்கு மேல் போக வேண்டாம். பத்து சதுர செ.மீ. சாவிக்கு 0.1 ஆம்பியர் போதும். இரண்டாவது பேட்டரி சேர்த்தபோது கருஞ்சிவப்புத் தூள் வந்ததற்குக் காரணம் இங்கே இருக்கிறது: சாவியை ஒட்டிய கரைசலில் தாமிர அயனி வந்து சேரும் வேகத்தைவிட எலக்ட்ரான் வரும் வேகம் அதிகமானால், ஒழுங்காக அடுக்க நேரமின்றித் தாமிரம் கண்ட இடத்தில் குவிகிறது, மிச்ச எலக்ட்ரானை ஹைட்ரஜன் வாங்கிக்கொள்கிறது. 9 வோல்ட் பேட்டரி, ஃபோன் சார்ஜர் இரண்டும் இதனால்தான் ஆகாது. ஒரு மணி நேரம் 0.1 ஆம்பியரில் ஓட்டினால் படிவது அதே 0.118 கிராம், கனம் சுமார் 13 மைக்ரோமீட்டர். பாதியில் சாவியைத் திருப்பி வையுங்கள், தகட்டைப் பார்த்த பக்கம் தடித்துப் பின்பக்கம் மெலிந்துபோகும். முடிந்ததும் செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று உரியுங்கள். டேப் சுத்தமாக வந்தால் பூச்சு பிடித்துவிட்டது.

மிஞ்சிய நீலக் கரைசலைச் சாக்கடையிலோ குளத்திலோ ஊற்றிவிடாதீர்கள், மீனுக்கு மிகக் குறைந்த தாமிரமே எமன். ஒரு வாளியில் சேர்த்து வைத்து, பழைய இரும்புக் கம்பியோ பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரோ உள்ளே போடுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நார் ஆகாது, காரணம் மேலே சொல்லியாயிற்று. ஓரிரு நாளில் நீலம் போய்த் தாமிரம் சிவப்பு வண்டலாக அடியில் தங்கும். சீனாவில் சோங் அரசர் காலத்திலேயே சுரங்கத்து நீல நீரில் இரும்பை இட்டு இப்படித் தாமிரம் எடுத்தார்கள். சாவியைக் கெடுத்த அதே 0.78 வோல்ட் இங்கே வாளியைச் சுத்தம் செய்கிறது. வண்டலை வடிகட்டிக் காயவைத்து எடுத்துவைத்துக்கொண்டு, மேலே நிற்கும் இரும்பு சல்பேட் நீரை நிறையத் தண்ணீர் சேர்த்துக் கழிவில் விடலாம்.